சைலன்சர் சொன்ன 'ஏங்க'

மூன்றாவது வளைவில் சைலன்சர் மறுபடியும் "ஏங்க" என்றது.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். "ஏங்க" என்று எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடும் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. கூரையும் கதவும் இல்லாத ஒரு குட்டி ரேஸ் வண்டியில், தரையோடு தரையாக உட்கார்ந்து, நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை.

"இதோ வரேன்!" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வீட்டுச் சமையலறை ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அப்படியானால் கூப்பிட்டது யார்? திரும்பிப் பார்த்தார். தெருவில் கார் ஓட்டும்போதே திரும்பிப் பார்க்கக்கூடாது, ரேஸில் கேட்கவே வேண்டாம். வண்டி நேராகப் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மற்ற பத்து வண்டிகளும் அவரைத் தாண்டிப் போயின.

சீசனில் மொத்தம் ஐந்து ரேஸ். முதல் ரேஸ் போயிற்று.

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. போன வருஷம் வாடகை வண்டியில் ஓட்டிய ஒரு ரேஸைக்கூட அவர் முடித்ததில்லை. இந்த வருஷம் சொந்த வண்டி வேண்டும் என்று அடம்பிடித்தபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அஞ்சு ரேஸ் இருக்குல்ல? ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணைக் கடைசி வரைக்கும் ஓட்டி முடிச்சுட்டு வாங்க. முடியலையா, வண்டியை வித்துட்டு மனுஷனா வீட்டுல இருங்க."

நாள் பூராவும் மூக்குக்கண்ணாடிக் கடையில் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கேட்டே நாற்பத்தெட்டு வயதாகிவிட்ட மனுஷர். வாரத்தில் அந்த இருபது நிமிஷம்தான் அவருக்கு மூச்சு முழுசாக வரும். அதையும் பிடுங்கிவிட்டால் என்ன மிச்சம் என்று நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிடும்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார்.

"சைலன்சர் என்ன சொல்லுச்சுன்னீங்க?"

"ஏங்கன்னு சொல்லுச்சு. காலையில சும்மா சுத்திப் பாத்தப்போ லேசா முனகுச்சு. இப்போ நல்லாவே கேட்டுச்சு. பொம்பளைக் குரல்."

"பேருதான் சார் சைலன்சர். இதைவிட வாயாடி உலகத்துல கிடையாது." மெக்கானிக் குனிந்து, இன்ஜினிலிருந்து புறப்படும் அந்த நீளமான பைப்பைத் தட்டினார். அது நடுவில் வயிறு உப்பி, எதையோ முழுசாக விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் பாம்பு மாதிரி இருந்தது. "இதோ பாருங்க, ஒட்டுப் போட்ட இடத்துல விரல் நீளத்துக்கு விரிசல். மெலிசான தகடு. தடியாப் பண்ணா உடையாது, ஆனா வேகம் வராது. மெலிசாப் பண்ணா பறக்கும், ஆனா அதிர்வு தாங்காம வெடிக்கும். காத்து விரிசல் வழியா வர்றது உங்களுக்கு ஏங்கன்னு கேக்குது. வெல்டிங் வச்சா வாயை மூடிக்கும்."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி வரவில்லை. காரணம், வண்டி வந்த வழி அப்படி.

ரேஸ் மைதானத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீடு. வண்டியின் சொந்தக்காரர் மாரடைப்பில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மருமகன்தான் வண்டியைக் காட்டினார். வங்கியில் வேலை பார்ப்பவர். இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மாமா இதுமேல உசுரையே வச்சிருந்தாரு சார். அத்தைக்கு இதைப் பாத்தாலே அழுகை. சீக்கிரமா எடுத்துட்டுப் போயிடுங்க. மாமாவோட ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சும்மாவே வச்சுக்குங்க."

சிவப்பு ஹெல்மெட், நடுவில் மஞ்சள் பட்டை. சீட்டுக்குப் பின்னால், பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் வந்து ஹெல்மெட்டின் ஓரத்தில் செருகிக்கொண்டது.

"இந்த ஒயரு எதுக்கு?"

"தெரியலை சார். ஆனா இதை மாட்டாம மாமா வண்டியில ஏறவே மாட்டாரு. 'இது இருந்தாத்தான் உசுரோட வீட்டுக்குத் திரும்ப முடியும்'னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரு."

ஓ, பாதுகாப்பு ஒயர் என்று கண்ணாடிக்கடைக்காரர் புரிந்துகொண்டார். ஆள் தூக்கி எறியப்பட்டால் ஒயர் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும் போலிருக்கிறது. அன்றிலிருந்து பயபக்தியோடு அதை மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார். இன்னொருத்தர் உயிரைக் காப்பாற்றிய ஒயர் அல்லவா?

இரண்டாவது ரேஸ். வெல்டிங் கச்சிதமாக இருந்தது. சத்தம் கொஞ்சம் அடங்கி, இன்ஜின் சீராகப் பாடியது. முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது வளைவு, மைதானத்தின் கோடியில், மதிலை ஒட்டி வருகிறது. மதிலுக்கு அப்பால் மொட்டை மாடிகள், கொடியில் துணிகள், வெயில். ஐந்தாவது சுற்றில் அங்கே வந்தபோது, காதுக்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி கேட்டது.

"ஏங்க... வரேன்னீங்களே... வரலையே."

போன வாரம் தான் சொன்னது கண்ணாடிக்கடைக்காரருக்கு நினைவுக்கு வந்தது. 'இதோ வரேன்.' அதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வாரமாக எதுவோ காத்திருந்திருக்கிறது!

அந்தப் பதற்றத்தில் ஐந்திலிருந்து நாலுக்குப் போக வேண்டிய கியர் இரண்டுக்குப் போய்விட்டது. இன்ஜின் ஒரு முறை அலறி, புகையைக் கக்கிவிட்டு நின்றது.

"பிஸ்டன் போயிடுச்சு சார்," என்றார் மெக்கானிக், இழவு சொல்கிற குரலில்.

"அது போகட்டும். வரலையேன்னு கேட்டுச்சுய்யா!"

"அப்போ சைலன்சர் பின்பக்கத்து டப்பாவுல பஞ்சு கரிஞ்சிருக்கும். பஞ்சு கரிஞ்சா சத்தம் தாறுமாறாத்தான் வரும். பைப்பையே புதுசா மாத்திடுவோம். பஞ்சும் புதுசு, பிஸ்டனும் புதுசு. பேய்க்கு ஒதுங்கக்கூட இடம் இருக்காது."

'பேய்' என்ற வார்த்தையை முதலில் சொன்னது மெக்கானிக்தான். அது வரைக்கும் கண்ணாடிக்கடைக்காரர் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தார், சொல்லவில்லை.

வீட்டில் மனைவி சாதத்தைப் பரிமாறியபடி கேட்டாள். "முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"வண்டியில ஒரு குரல் கேக்குது."

"என்ன குரல்?"

"பொம்பளைக் குரல். ஏங்க, ஏங்கன்னு கூப்பிடுது."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எவ அவ?"

"அடியே, சைலன்சர்டி!"

"சைலன்சர் ஏங்கன்னு எதுக்குக் கூப்பிடுது? நீங்க அதுக்குத் தாலி கட்டினீங்களா? பிஸ்டனு, பைப்புன்னு இருக்கறதையெல்லாம் கொண்டுபோய் அங்கேயே கொட்டினா, அது ஏங்கன்னுதான் கூப்பிடும்!"

மூன்றாவது ரேஸுக்கு எல்லாம் புதுசு. பைப், அதை இன்ஜினோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், பஞ்சு, பிஸ்டன். வண்டியின் சத்தம் எவ்வளவோ குறைந்திருந்தது. இதில்தான் வினையே. முன்பு கரகரப்புக்கு நடுவே அரைகுறையாகக் கேட்டது, இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி துல்லியமாகக் கேட்டது. வண்டியில் பக்கத்து சீட்டே கிடையாது.

"ரொம்ப இளைச்சுட்டீங்க," என்றது குரல், பரிவாக. "ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்குது."

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஜாக்கெட் தொளதொளவென்றுதான் தொங்கியது. செத்தவர் நல்ல ஆகிருதி.

பயம் ஓர் எல்லையைத் தாண்டினால் கோபமாகிவிடும். அவருக்கும் ஆயிற்று. ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினார்.

"வாயை மூடு சனியனே! பைப்பை மாத்திட்டேன், பிஸ்டனை மாத்திட்டேன், இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு?"

குரல் கப்பென்று அடங்கியது. அப்புறம், மிக மெல்லிசாக, விசும்பல். ஒரு சைலன்சர் அழுவதைக் கேட்டுக்கொண்டே யாரால் ரேஸ் ஓட்ட முடியும்? ஓரக்கல்லில் ஏறி இறங்கினார். புது ஸ்பிரிங் இரண்டும் அறுந்தன. புது பைப் தரையில் உராய்ந்து பொறி பறக்க இழுபட்டது. கறுப்புக் கொடியைக் காட்டி அவரை இறக்கிவிட்டார்கள்.

"பைப் மேல தப்பில்லை சார்," என்றார் மெக்கானிக் யோசனையாக. "நாமதான் கிணறு வெட்டிக்கிட்டே போறோம், பூதமும் கிளம்பிக்கிட்டே இருக்கு. இன்ஜினை மாத்தணும். செத்தவரோட இன்ஜின் அது."

"செத்தவர் ஆம்பளை. பேசறது பொம்பளை."

"அவருக்கு முன்னாடி யாரு வச்சிருந்தாங்களோ? இதுக்கெல்லாம் ஆர்.சி. புக்கா இருக்கு?" மெக்கானிக் இரண்டு விரல்களை நீட்டினார். "ரெண்டே ஜாதிதான் சார். இப்போ உங்ககிட்ட இருக்கறது ரேஸுக்குன்னே பொறந்த இன்ஜின். வந்த விருந்தாளி மாதிரி. பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை பிஸ்டன் கொடுத்துக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு பைக்லேர்ந்து எடுத்த இன்ஜின். வீட்டு ஆள் மாதிரி, இருக்கறதைத் தின்னுட்டுக் கிடக்கும். வேகம் ஒரு பிடி குறைச்சல். ஆனா செலவும் குறைச்சல், சத்தமும் குறைச்சல்."

"பேய்?"

"அதுக்கு கேரண்டி யாரும் தரமாட்டாங்க சார்."

பைக் இன்ஜின் வந்தது. பழைய இன்ஜினை ஒரு சாக்கில் சுற்றிக் கடையின் பின்கட்டில் வைத்தார்கள். நாலாவது ரேஸில் இரண்டு சுற்று நிம்மதியாகப் போயிற்று. புது இன்ஜினின் குணம் கைக்குப் பிடிபடாததால், மூன்றாவது சுற்றில், மூன்றாவது வளைவில், அதே மதிலோரத்தில், வண்டி திணறி நின்றுபோனது.

மற்ற வண்டிகள் அவரைத் தாண்டி மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டன. சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒரு கொசு அளவுக்கு ஆனது. வெயில் தார் மேல் அலையடித்தது. மாடியில் ஒரு சேலை காற்றில்லாமல் தொங்கியது. இன்ஜின் அணைந்துவிட்டது. பைப்பில் புகை இல்லை. சைலன்சர் இனி எந்தக் காற்றை வைத்துப் பேசும்? அப்பாடா என்று மூச்சை விட்டார்.

"நின்னுட்டீங்களா?" என்றது குரல்.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பைப்பைப் பார்த்தார்.

"என்கிட்ட வர்றதுக்குத்தானே நின்னீங்க? வாங்களேன்... எத்தனை நாளாச்சு."

அவர் எழுந்து ஓடினார். ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், தொளதொள ஜாக்கெட் படபடக்க, நடு டிராக்கில் ஓடிவந்த அவரைப் பார்த்து, கொடி காட்டுகிறவர் எந்தக் கொடியைக் காட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் காட்டினார்.

அன்று பிற்பகல் மெக்கானிக் தன்னுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தானே வண்டியை எடுத்துப் பத்துச் சுற்று ஓட்டினார். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு முனகல்கூட இல்லை சார். அது உங்ககிட்ட மட்டும்தான் பேசுது. உங்களை அதுக்குப் பிடிச்சுப் போச்சு."

இதற்கு மேல் மறைப்பதற்கில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். 'வரேன்னீங்களே', 'இளைச்சுட்டீங்க', 'எத்தனை நாளாச்சு' எல்லாம். வண்டியை விற்றுவிடலாம் என்றும் அவரே சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது.

மனைவி இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"நீங்க அதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"முதல் தடவை வரேன்னேன். அப்புறம் வாயை மூடுன்னேன்."

"இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட சொல்றதும் அந்த ரெண்டுதான். வேற எதாவது சொன்னாத்தானே?" அவள் பெருமூச்சு விட்டாள். "ஏங்கன்னு கூப்பிடறவ இன்ஜினையா கேக்கறா, பைப்பையா கேக்கறா? ஒரு 'ம்' சொன்னாப் போதும்ங்க. பதில் வர்ற வரைக்கும் நானே விடமாட்டேன், பேய் எப்படி விடும்? இன்னும் ஒரு ரேஸ் இருக்குல்ல? அது கூப்பிட்டா ம்னு சொல்லுங்க. என்ன சொல்லுதோ கேட்டுக்குங்க. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்."

"நீ வருவியா?"

"வராம? அவ எப்படித்தான் கூப்பிடறான்னு நானும் பாக்கணுமே."

ஐந்தாவது ரேஸ். பதினைந்து சுற்று. மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலி ஓரமாக நின்றாள். கண்ணாடிக்கடைக்காரர் வாய்க்குள் "ம், ம்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டி, ஒயரைச் செருகினார்.

முதல் சுற்று. மூன்றாவது வளைவு.

"ஏங்க."

"ம்," என்றார்.

வண்டி மதிலோரம் பாதி தூரம் போனது. அப்புறம், நடுங்கிக்கொண்டே, "கேக்குதா... நிஜமாவே கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது. சொல்லு."

"கோவமில்லையே?"

"இல்லை. அன்னிக்கு ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

அப்புறம் நடந்ததை அவரால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் குரல் வந்தது. "மெதுவா." "ம்." "பின்னாடி நீலக் கலர் ஒருத்தன் முட்டற மாதிரி வர்றான், விட்டுடுங்க." "ம்." கண்ணாடிக்கடைக்காரர் விட்டார். நீலம் அவரைத் தாண்டிப் போய், அடுத்த வளைவில் சறுக்கிக் காணாமல் போயிற்று. முதுகில் ஒரு சில்லிப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் கியர்கள் தானாக விழுந்தன.

பன்னிரண்டாவது சுற்றில் குரல் பதறியது.

"ஏங்க! ஏங்க! அந்த வெளி ஓரத்துல எண்ணெய் கொட்டிக் கிடக்கு. உள்ள தள்ளி வாங்க, உள்ள!"

அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர், அந்த நிமிஷம் காதை நம்பினார். ஸ்டீயரிங்கை உள்பக்கம் ஒடித்தார். முன்னால் போன மூன்று வண்டிகள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் போயின. அவர் மட்டும் நடுவே புகுந்து வெளியே வந்தார். எதிரே நடக்கப்போவது பேய்க்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

கடைசிச் சுற்றில் அவரே முதலில் பேசினார். "நல்லபடியா முடிக்கப் போறேன்மா. உன்னாலதான். இனிமே நீ நிம்மதியா இருக்கணும்."

வளைவு முடிகிற இடத்தில், வழக்கமான வீட்டுக் குரலில் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"ம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டம்போட்ட கொடி விழுந்தது. ஏழாவது இடம். பதினொரு பேரில் நாலு பேர் புல்லில் கிடந்தார்கள் என்பது வேறு கதை. முடித்தது முடித்ததுதான். மனைவி குடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். மெக்கானிக் பைப்பைத் தடவிப் பார்த்து, "ஒரு விரிசல் இல்லை சார்!" என்று கூவினார்.

"வண்டி இருக்கட்டும்," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "அவளும் இருந்துட்டுப் போகட்டும்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் வங்கிக்கார மருமகன். முகத்தில் ஏகப்பட்ட சங்கடம்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் கறுப்புப் பெட்டியையும் ஒயரையும் மட்டும் திருப்பித் தர முடியுமா? அது என்னன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வாக்கி டாக்கி சார். அதோட ஜோடி அத்தைகிட்ட இருக்கு. மாமா ஓட்டறப்போ அத்தை மாடியில நின்னுக்கிட்டு 'மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம். அந்தக் கண்டிஷன்லதான் மாமாவை வண்டி ஓட்டவே விட்டாங்களாம்."

கண்ணாடிக்கடைக்காரர் மெல்லத் திரும்பி மதிலுக்கு அப்பால் பார்த்தார். மூன்றாவது மொட்டை மாடியில், கொடித் துணிகளுக்கு நடுவே, ஓர் அம்மாள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கடைக்காரர் கையில் சிவப்பு ஹெல்மெட், நடுவில் மஞ்சள் பட்டை.

"ஒரு மாசமா அத்தை வாசக்கதவைத் தாழ்ப்பாளே போடறதில்லை சார்," என்றார் மருமகன்.

"ஏன்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"மாமா 'இதோ வரேன்'னு சொன்னாராம், இன்னும் வரலையாம்... 'செத்தும் அந்த மனுஷன் திருந்தலை மாப்ளே, அங்க போயும் பைப்பை மாத்தினேன், பிஸ்டனை மாத்தினேன்னு அதே சாக்கைத்தான் சொல்றாரு'ன்னு ஒரே சண்டை சார்!"